உப்புப் பூக்கும் நெற்றி

சித்திரை வெயிலில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தைத் தாண்டிக் கிரிவலப் பாதையில் நடப்பவர்களின் சட்டை முதுகில், வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பெரியவர்களுக்கு அது சாதாரணம். கைக்குழந்தையின் நெற்றியில் அப்படிப் பூத்தால், முத்தமிடும்போது உதட்டில் கரித்தால், அசட்டையாக இருக்கக் கூடாது. கூடவே ஓயாத இருமல், எண்ணெய்ப் பிசுக்கான மலம், எவ்வளவு ஊட்டியும் தேறாத உடம்பு என்றால், அது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். நெஞ்சில் சளி கட்டும் நோய்க்கு வியர்வையில் என்ன தடயம்?

செல்களின் சவ்வில் குளோரைடு போய்வர ஒரு வாசல் உண்டு. சி.எஃப்.டி.ஆர். என்ற புரதம்தான் அந்த வாசல். அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது 1989-ல். மூச்சுக்குழாயில் இதன் வழியே குளோரைடும் பைகார்பனேட்டும் வெளியேறும்; உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். சளியின் புரதம் சுரப்பிக்குள் கால்சியத்தால் இறுக்கிச் சுருட்டப்பட்டிருக்கிறது. வெளியே வந்ததும் பைகார்பனேட் அந்தக் கால்சியத்தைப் பிரித்தெடுத்தால்தான், ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை ஊறுவதுபோல அது உப்பி வழுக்கும். வாசல் பழுதானால் பாதி ஊறிய விதைதான். குழாய்ச் சுவரில் பசையாக ஒட்டிக்கொள்ளும். அதைத் தள்ள நுண்மயிர்களால் முடியாது, கிருமிகள் குடியேறிவிடும். ஆக, சளி அதிகம் சுரப்பதல்ல சிக்கலின் வேர், அது காய்ந்துபோவதுதான். வியர்வைக் குழாயில் மட்டும் போக்குவரத்து தலைகீழ். சுரந்த உப்பை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்வது அதே வாசல் வழியாக. அது திறக்காவிட்டால் உப்பு தோலோடு போய்விடும். குளோரைடு நுழைய முடியாததே காரணம் என்று 1983-ல் காட்டிய ஆய்வாளர் பால் குவின்டனுக்கே இந்த நோய் இருந்தது.

'இது வெள்ளைக்காரர் நோய், நம் ஊரில் ஏது?' என்பார்கள். திருவண்ணாமலையிலிருந்து 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே இந்நோயுள்ள தமிழ்க் குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கமுள்ள சமூகத்தில் அதற்கு வாய்ப்பு கூடும். வெயிலும் சேர்ந்துகொள்கிறது: 1948-ல் நியூயார்க்கைக் கடும் வெப்பம் வாட்டியபோது, உப்பு வற்றிச் சுருண்ட குழந்தைகளில் பலருக்கு இந்நோய் இருந்ததுதான் வியர்வையை ஆராயத் தூண்டியது. நமக்கோ ஆண்டில் பல மாதம் அதே வெயில்.

காசநோயும் வீசிங்கும் மலிந்த ஊரில் இருமும் குழந்தைக்கெல்லாம் அபூர்வ நோயைச் சந்தேகிக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. முடியாது, தேவையும் இல்லை. நாக்கில் கரிப்பது நிரூபணமும் அல்ல. மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப நெஞ்சு கட்டி, எடையும் ஏறாத குழந்தைக்கு வியர்வைப் பரிசோதனை செய்தால் போதும். முன்கையில் எடுத்த வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் பெரும்பாலும் உறுதி.

கண்டுபிடித்து என்ன பயன், மருந்து கோடியில் விற்கிறதே என்றால், பாதிதான் சரி. வாசலையே செப்பனிட 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு எளியவர் கைக்கு எட்டாது. அது முதலில் குறிவைத்த மரபணுப் பிழையும் மேற்கைவிட இந்திய நோயாளிகளிடம் குறைவு. ஆனால் செரிமானத்துக்குக் கணைய நொதி மாத்திரை, நெஞ்சு தட்டிச் சளி இறக்கும் பயிற்சி, கோடையில் கூடுதல் உப்பு, மருத்துவர் சொன்னபடி நெபுலைசரில் 7 சதவீத உப்புநீர் ஆகியவற்றுக்குக் கோடி தேவையில்லை. அந்த உப்புநீர் மூச்சுக்குழாய்க்குள் தண்ணீரை இழுத்து, பசையாகிக் கிடந்த சளியைச் சற்றே இளக்குகிறது.