அளவு ஜாக்கெட்: உடல், அங்குலம், அதிகாரம்

உடல் ஒரு பிரதி, உடல் என்பது அதிகாரம் தன்னை எழுதிக்கொள்ளும் தளம் என்றெல்லாம் நாம் நிறைய எழுதியாகிவிட்டது. நானும் எழுதியிருக்கிறேன். அந்த உடலுக்கு ஒரு ரவிக்கை தைக்க வேண்டும் என்று வந்தால் என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். சின்ன விஷயம்தான். ஆனால் கோட்பாடு அங்குலக் கணக்கில் இறங்கி வரும்போதுதான் அதன் பல் தெரிகிறது.

நான் சேலை கட்டுகிற ஆண். தினமும் இல்லை, எப்போதாவது, பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு. ஆங்கிலம் இதற்கு கிராஸ்டிரஸ்ஸர் என்ற சொல்லை வைத்திருக்கிறது. தமிழில் 'பெண்வேடம்' என்பார்கள். கூத்தில் பெண்வேடம் கட்டுகிறவரும் ஸ்பெஷல் நாடகத்து ஸ்திரீபார்ட்டும் நமக்குப் பழக்கமானவர்கள். ஆனால் வேடம் என்றால் அதற்கு ஒரு கதை வேண்டும், எதிரே ஜனம் வேண்டும். எனக்கு இரண்டும் கிடையாது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை சொல்லும் பதினோராடலில் பேடும் ஒன்று, காமன் ஆடியது. அங்கே வருகிற 'கோலம்' என்ற சொல் எனக்குக் கொஞ்சம் பொருந்துகிறது. வேடம் இன்னொருவராகக் காட்டுவது. கோலம் தன்னையே இன்னொரு விதமாக வரைந்துகொள்வது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருநங்கையரின் பாட்டை என் பாடாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அவர்கள் பெண்களாக வாழ்கிறவர்கள், அதற்கான விலையைத் தெருவில் கொடுக்கிறவர்கள். நான் சேலையை மடித்து வைத்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன். அந்தச் சலுகையை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச முடியும்.

1

சேலை யாரையும் அளவு கேட்பதில்லை. ஐந்தரை மீட்டர் துணி, உடுத்துகிறவர் யாரென்று அதற்குக் கவலையில்லை. பாவாடைக்கு நாடா, இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. சிக்கல் ரவிக்கையில்தான் தொடங்குகிறது. உடலோடு ஒட்டி நிற்க வேண்டிய உடுப்பு அது ஒன்றுதான்.

சில வருஷங்களுக்கு முன்பு, குடியிருக்கும் ஊரை விட்டு இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு தையல் கடையில் துணியை நீட்டினேன்.

"யாருக்குங்க?"

"தங்கச்சிக்கு."

"அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப ஆளக் கூட்டியாந்துருங்க தம்பி. குத்துமதிப்பா தைச்சா நிக்காது."

ஆள் எதிரேதான் நின்றுகொண்டிருந்தது. துணியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அளவு ஜாக்கெட் என்ற ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். புது ரவிக்கை தைக்கப் பழைய ரவிக்கை வேண்டும். அந்தப் பழையதற்கு அதற்கு முந்தையது. இப்படியே போனால் ஒரு பெண்ணின் முதல் ரவிக்கையில் போய் நிற்கும், அம்மாவோ அத்தையோ கூட்டிக்கொண்டு போய் அளவு கொடுத்த நாளில். அந்தச் சங்கிலிக்குள் வராத உடலுக்கு அளவே கிடையாது. பெண்ணாக ஏற்கெனவே அளக்கப்பட்டிருந்தால்தான் பெண்ணுடை கிடைக்கும். ஜூடித் பட்லர் 1990இல், பாலினம் என்பது உள்ளே இருக்கும் சாரமல்ல, திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல் என்றார். சரி. செய்வதற்கு ரவிக்கை வேண்டும், ரவிக்கைக்குக் கைக்குழி அளவு வேண்டும்.

2

அடுத்து எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். என் சட்டை 40. ரெடிமேட் ரவிக்கையிலும் 40 என்று போட்டிருந்தது. வாங்கி வந்தேன். கொக்கி மாட்டியது. ஆனால் தோள் இறுக்கிப் பிடித்தது, கையை முன்னால் நீட்டியதும் கைக்குழித் தையல் விட்டுவிட்டது. அந்த நேரத்தில் துணி தப்பு என்று மனசுக்குத் தோன்றாது, உடம்பு தப்பு என்றுதான் தோன்றும். இந்த ஏற்பாட்டின் வெற்றியே அதுதான்.

உண்மையில் நடப்பது இது. 40 என்ற எண் மார்புச் சுற்றளவை மட்டும்தான் சொல்கிறது. மற்றதெல்லாம், அதாவது தோள், கைக்குழி, கைச்சுற்று, முதுகு அகலம் எல்லாம், "மார்பு இவ்வளவென்றால் மற்றது இவ்வளவு இருக்கும்" என்ற அனுமானத்தில் வெட்டப்படுகிறது. அந்த அனுமானம் ஒரு பெண்ணுடலின் விகிதம். 40 மார்புள்ள ரவிக்கைக்குத் தோள் பொதுவாக 15 அங்குலத்தை ஒட்டி வெட்டுவார்கள். அதே மார்புள்ள ஆணுக்குத் தோள் 17, 18 வந்துவிடும். எண் ஒன்று, விகிதம் வேறு.

சரி, இந்த அட்டவணைகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்க வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவு 1939–40இல் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்து, அளந்தது. ரூத் ஓ'பிரையனும் வில்லியம் ஷெல்டனும் 1941இல் அறிக்கை வெளியிட்டார்கள். கணக்கில் சேர்த்துக்கொண்டது வெள்ளைப் பெண்களின் அளவுகளை மட்டும்தான். இந்த ஆய்விலிருந்துதான் 1958இல் அங்கே பெண்ணுடைக்கான வணிகத் தரஅளவு பிறந்தது. 1983இல் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு அவரவர் கம்பெனி, அவரவர் எண். வாங்குகிறவர் மனம் குளிர வேண்டுமென்று பெரிய துணிக்குச் சின்ன எண் ஒட்டுகிற வழக்கமும் வளர்ந்தது.

இந்தியாவுக்கென்று தனி அட்டவணை நெடுங்காலம் இல்லை. நிஃப்ட் நிறுவனம் 'இண்டியாசைஸ்' என்ற பெயரில், 15 முதல் 65 வயது வரையிலான ஆண், பெண் 25,000 பேருக்கு மேல், ஆறு நகரங்களில் முப்பரிமாணக் கருவியால் அளக்கத் திட்டமிட்டது. நல்ல காரியம். ஆனால் ஆணுக்கு ஒரு அட்டவணை, பெண்ணுக்கு ஒரு அட்டவணை என்ற அடிப்படை அங்கேயும் அப்படியேதான். ஃபூக்கோ சொல்வது இதைத்தான்: முதலில் அளப்பார்கள், பிறகு சராசரி எடுப்பார்கள், பிறகு சராசரியே விதியாகும், விலகியது பிழையாகும்.

இதற்கு நேரெதிர் நம் வளையல் கடை. ரெண்டு-நாலு, ரெண்டு-ஆறு, ரெண்டு-எட்டு, ரெண்டு-பத்து. ரெண்டு-எட்டு என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் எட்டும், அதாவது இரண்டரை. யாருடைய சராசரியும் அதில் இல்லை. வளையல் எத்தனை அகலமோ அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். கை நுழைந்தால் நுழைந்தது.

3

உடுப்பின் அளவு யார் எதை உடுத்தலாம் என்ற கேள்வியோடு பிறந்தது. திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று வந்த பிரகடனம் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது, ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது மாதிரி உடுத்தக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. மறைத்துக்கொள்ளலாம், ஒருவர் மாதிரி இன்னொருவர் ஆகிவிடக் கூடாது. வட இந்திய மாகாணங்கள் சிலவற்றுக்கு 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, 'அலிகள்' என்று பதிவு செய்யப்பட்டவர்கள் பொது இடத்தில் பெண்ணுடையில் தென்பட்டால் இரண்டாண்டு வரை சிறை என்றது. சாதியின் எல்லையும் பாலின் எல்லையும் ஒரே துணியால்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலின அடையாளத்தை உடையால் வெளிப்படுத்துவதும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. பெரிய வெற்றி. திருநர் இயக்கம் போராடி வாங்கியது. ஆனால் தீர்ப்பு தையல் கடை நோட்டு வரை வந்து சேரவில்லை.

4

எழுதிப் பிரயோஜனம் வேண்டுமே. எனக்குப் பல துணிகள் கிழிந்து தெரிந்தவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பையில் மறைத்துத் துணி வாங்கி வருகிற எவருக்காவது ஆகட்டும்.

முதலில், லேபிள் எண்ணை மறந்துவிட வேண்டும். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, உள்ளே எதைப் போட்டுக்கொள்ளப் போகிறோமோ அதைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். பேட் வைப்பதாக இருந்தால் வைத்த பிறகுதான் மார்புச் சுற்று. வெறும் உடம்பை அளந்தால் எல்லாம் பிசகும்.

உள்ளாடைக்கு இரண்டு அளவு. மூச்சை விட்டபின் மார்புக்கு அடியில் சுற்று ஒன்று, பேட் வைத்த மார்பின் மேல் சுற்று இன்னொன்று. முதலாவது பட்டியின் எண். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு அங்குலமானால் ஏ, இரண்டானால் பி, மூன்றானால் சி. நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் பட்டியைச் சின்னதாகவும் கப்பைப் பெரிதாகவும் வாங்கி ஏமாறுவோம். பட்டி பெரிது, கப் சின்னது என்பதுதான் பலருக்கும் நிஜம்.

ரவிக்கைக்குத் தோள் முதல் அளவு. ஒரு தோள் எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை, முதுகுப் பக்கமாக. பிறகு கைக்குழிச் சுற்று, புஜத்தின் சுற்று, தோளிலிருந்து மார்பு முனை வரை இறக்கம். டாட் எங்கே முடிய வேண்டும் என்பதை இந்தக் கடைசி அளவுதான் சொல்லும். பேட் ஓரிடத்திலும் டாட் வேறிடத்திலும் இருந்தால் எத்தனை விலை கொடுத்த துணியும் தொங்கும்.

ரெடிமேட் குர்த்தியோ சுடிதார் டாப்போ வாங்கினால் உடம்பில் எந்த இடம் அகலமோ அதற்கு வாங்க வேண்டும். நமக்கு அது தோள். தோள் சரியானதும் இடுப்புப் பக்கம் லொடலொடவென்று நிற்கும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். லூஸைப் பிடிக்கலாம், டைட்டை விட முடியாது, உள்ளே துணி விட்டிருந்தால் ஒழிய. இணையக் கடைகளின் சைஸ் சார்ட்டில் இரண்டு வகை உண்டு: உடம்பின் அளவைப் போடுவது, உடுப்பின் அளவைப் போடுவது. எதுவென்று பார்க்காமல் வாங்கினால் இரண்டு மூன்று அங்குலம் தப்பும்.

இதில் ஒன்று தானாக அளக்க முடியாதது: தோள். முதுகுப் பக்கம் டேப்பைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். சரியான அளவு தெரிய வேண்டுமானால் ஒருவராவது என்னைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்யவே முடியாது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

5

கடைசியில், வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டுத் தைக்கிற ஒரு அக்காவிடம் போனேன். தங்கச்சி கதையைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டு, "எனக்குத்தான் அக்கா" என்றேன். கொஞ்ச நேரம் மெஷின் ஓடவில்லை.

"கூத்து கட்டுவீங்களா தம்பி?"

"இல்லக்கா. சும்மா, எனக்கு."

டேப்பை எடுத்தார். முதுகில் தோளுக்குத் தோள் வைத்தார். "பதினேழரை" என்றார், துணிக்கடைக்காரர் மீட்டர் சொல்கிற குரலில். அளந்துகொண்டே பேசினார். அவரிடம் வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு ரெடிமேட் நிற்பதில்லையாம். பிள்ளை பெற்ற உடம்பு, ஒரு பக்கம் மார்பை எடுத்துவிட்ட உடம்பு, வேலை செய்து தோள் பெருத்த உடம்பு. "சைஸ் இல்லன்னு கடைல சொன்னா அழுதுட்டு வர்றாங்க. என்னத்துக்கு அழணும்? துணிதான வெட்டணும்" என்றார்.

நான் கோட்பாடாகச் சொல்ல முயன்றதை அவர் அப்படிச் சொல்லிவிட்டார். அட்டவணை என்னை மட்டும் வெளியே நிறுத்தவில்லை. அது யாருக்காக என்று சொல்கிறதோ அந்தப் பெண்களிலேயே பலரையும் வெளியே நிறுத்தியிருக்கிறது. எனக்கு அது எப்போதாவது ஒரு மாலைப் பொழுதின் அவமானம். அவர்களுக்கு அன்றாடம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு 'மீறல்' என்று கொண்டாடினால் அது வெறும் ஆண் விளையாட்டு.

அவருடைய நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், கீழே எண்கள். "பேரு என்ன போட?" என்றார். ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த ஒரு பெண் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. என் பெயரையே சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் ரவிக்கை வந்தது. கையைத் தூக்கினால் தூக்க முடிகிறது. உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டிருக்கிறார். இனி எந்தக் கடையில் அளவு ஜாக்கெட் கேட்டாலும் கொடுக்க என்னிடம் ஒன்று இருக்கிறது. யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வேன் என்பதுதான் பாக்கி.