"பழகிக்கோங்க" என்றால் எப்படிப் பழகுவது? காது இரைச்சலும் மனச்சிகிச்சையும்

ராத்திரி ஊர் அடங்கின பிறகு சிலருக்கு மட்டும் ஒரு சத்தம் ஆரம்பிக்கும். சில்வண்டு கத்துற மாதிரி, பழைய டியூப்லைட் உறுமுற மாதிரி, தூரத்தில் ஒரு விசில் நிற்காமல் ஊதுற மாதிரி. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு எதுவும் கேட்காது. நம்ம பேச்சில் இதுக்குப் பேர் "காது இரையுது". டாக்டர் சீட்டில் டின்னிட்டஸ். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களைக் கேட்டால் அக்கூஃபேன் என்பார்கள். கேட்பது, தோன்றுவது என்று பொருள்படும் இரண்டு கிரேக்க வேர்களைச் சேர்த்துச் செய்த சொல் அது. வெளியே ஒலி இல்லாமல் கேட்பதாகத் தோன்றுவது. மூன்று பெயர்களில் விஷயத்துக்கு மிக நெருக்கமாக வருவது இந்தப் பிரெஞ்சுப் பெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சத்தத்தோடு டாக்டரிடம் போகிற பலருக்கும் கடைசியில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இதுக்கு மருந்து இல்லை, பழகிக்கோங்க." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதி வாக்கியம்தான் இது. எப்படிப் பழகுவது என்கிற மீதிப் பாதியைச் சொல்லித்தர ஒரு முறை இருக்கு. அதை ஆராய்ந்து, அளந்து பார்த்திருக்கிறார்கள். அது மனச்சிகிச்சை. அது ஏன் வேலை செய்கிறது, எது வரைக்கும் செய்கிறது, எதைச் செய்யாது என்பதுதான் இந்தக் குறிப்பு.

சத்தம் எங்கிருந்து வருது?

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு. அதற்குள் இருக்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள்தான் ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. வயசானாலோ, நாள்பட்ட இரைச்சலில் வேலை செய்தாலோ, சில மருந்துகளாலோ இந்தச் செல்கள் பழுதாகும். பழுதானால் திரும்ப முளைக்காது. அந்தப் பகுதியிலிருந்து மூளைக்கு வர வேண்டிய செய்தி குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் ஒலிபெருக்கியைக் கூட்டி வைக்கிறது. பெரும்பாலான காது இரைச்சலை இப்படித்தான் விளக்குகிறார்கள். காலை இழந்தவருக்கு இல்லாத கால் வலிக்கிற மாதிரி. காது நரம்பையே அறுவை செய்து துண்டித்த பிறகும் பலருக்கு இரைச்சல் போகவில்லை என்பது இதற்கு ஒரு சான்று.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. ரோடியர் மில் என்று ஊரார் சொல்லும் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்ற மூன்று பஞ்சாலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடியது. 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதற்குப் பிறகு எட்டு மணி நேர வேலை கிடைத்ததும் இந்த ஊர் மறக்காத வரலாறு. தறிக்கூடத்துச் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். பின்னாளில் வந்த இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் எல்லையே அந்த 90தான். அப்படி முப்பது வருஷம் வேலை செய்த காது என்ன ஆகியிருக்கும்? ஆலைகள் மூடிவிட்டன. அங்கே வேலை செய்த சிலரின் காதில் மட்டும் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

சத்தம் வேறு, தொல்லை வேறு

1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். காதில் எந்தக் குறையும் சொல்லாத 80 பேரை, ஒலி புகாத அறையில் சில நிமிஷம் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தபோது அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அதாவது நம் எல்லாருக்குள்ளும் கொஞ்சம் இரைச்சல் இருக்கு. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வந்த கட்டுரை ஒன்று, பெரியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குக் காது இரைச்சல் இருப்பதாகவும், அதைக் கடுமையாக அனுபவிப்பவர்கள் சுமார் 2 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகிற 50 பேர் பஸ் என்று வைத்துக்கொண்டால், ஏழு பேருக்கு இரைச்சல் இருக்கும். ஒருத்தருக்கு அது வாழ்க்கையையே கெடுக்கும். மற்ற ஆறு பேர் ஜன்னல் ஓரத்தில் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்த ஒருத்தருக்குச் சத்தம் ரொம்ப அதிகமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அளந்து பார்த்தால் அப்படி இல்லை. கருவியில் ஒலியை எழுப்பி "உங்கள் சத்தம் இவ்வளவுதானா?" என்று பொருத்திப் பார்க்கும் சோதனையில், பலருடைய இரைச்சல் அவர்கள் கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலியைவிட 5, 10 டெசிபெல்தான் கூடுதலாக இருக்கு. அந்த அளவுக்கும் படுகிற துன்பத்துக்கும் நெருங்கிய தொடர்பும் இல்லை.

பிறகு எது வித்தியாசம்? கடற்கரைச் சாலை ஓரத்தில் குடியிருப்பவரிடம் ராத்திரி அலைச்சத்தம் தொந்தரவா என்று கேட்டுப் பாருங்க. "எந்தச் சத்தம்?" என்பார். பாறையில் அலை மோதுகிற சத்தம் சின்னது இல்லை. ஆனால் அதில் ஆபத்தும் இல்லை, சேதியும் இல்லை என்று அவர் மூளை எப்போதோ முடிவு கட்டிவிட்டது. அதே ஆள், அடுத்த அறையில் குழந்தை லேசாக முனகினால் எழுந்துவிடுவார். மூளை சத்தத்தின் அளவைப் பார்த்து எழுப்புவதில்லை. அதன் அர்த்தத்தைப் பார்த்து எழுப்புகிறது.

காது இரைச்சல் முதலில் வரும்போது மனசு என்ன அர்த்தம் கொடுக்கிறது? "மூளையில் கட்டியா? செவிடாகப் போறேனா? இனிமே தூக்கமே வராதா?" பயம் வந்ததும் உடம்பு உஷாராகிறது. உஷாரான மூளை ஆபத்தைக் கண்காணிக்கிறது. கண்காணிக்கக் கண்காணிக்கச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. "பாத்தியா, கூடிப்போச்சு" என்று பயம் உறுதியாகிறது. இதுதான் சுழல். பிரிட்டனில் ரிச்சர்ட் ஹாலமும் அவரோடு சேர்ந்தவர்களும் 1984-இல் முன்வைத்த கருத்தும் இதை ஒட்டியதுதான்: மற்ற சத்தங்களுக்குப் போலவே இதற்கும் மூளை தானாகப் பழகிவிடும், பதற்றமும் கவனமும்தான் அந்தப் பழக்கத்தைத் தடுக்கின்றன.

அதனால் "மனச்சிகிச்சை" என்றதும் "அப்போ எனக்குப் பைத்தியமா? நான் கற்பனை பண்றேனா?" என்று கேட்க வேண்டியதில்லை. சத்தம் நிஜம். சிகிச்சை அந்தச் சத்தத்துக்கு இல்லை, சுழலுக்கு.

சிபிடி-யில் என்ன நடக்கும்?

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது நீளமான பேர். சிபிடி என்றே எல்லாரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, சில வாரங்களிலிருந்து மூன்று மாசம் வரை போகும். சோபாவில் படுத்துச் சின்ன வயசுக் கதை சொல்வது கிடையாது. வீட்டுப்பாடம் உண்டு.

முதல் வேலை விளக்கம். மேலே சொன்ன காது, மூளை, சுழல் எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டுவார்கள். இதிலேயே சிலருக்குப் பாதிப் பயம் இறங்கிவிடும்.

இரண்டாவது, எண்ணங்களை எழுதுவது. "ராத்திரி 11 மணி. சத்தம் அதிகம். மனசில் ஓடினது: இன்னிக்கும் தூக்கம் போச்சு, நாளைக்குக் கடையில் கணக்குத் தப்பும், வியாபாரம் படுத்துடும். உடம்பில்: படபடப்பு. செய்தது: விரலால் காதை அடைச்சேன்." இப்படி எழுதின பிறகு கேள்விகள் வரும். போன மாசம் தூங்காத ராத்திரிக்கு மறுநாள் நிஜமாகவே கணக்குத் தப்பியதா? எத்தனை தடவை? காதை அடைத்ததும் சத்தம் குறைந்ததா, கூடியதா? (கூடும். வெளிச்சத்தம் போனால் உள்சத்தம்தான் மிச்சம்.) "எல்லாம் நல்லதுக்கே" என்று மனசை ஏமாற்றுகிற வேலை இல்லை இது. மனசு சொல்கிற சேதியைத் தணிக்கை அதிகாரி போலச் சரிபார்க்கிற வேலை.

மூன்றாவது, ஒதுங்குவதை நிறுத்துவது. பெரும்பாலும் ஆளை முடக்குவது இரைச்சல் இல்லை, அதைச் சுற்றி அவர் கட்டிக்கொண்ட வேலிதான். கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, நண்பர்களோடு டீக்கடையில் நிற்பதில்லை, ஃபேன் இல்லாத அறையில் உட்காருவதில்லை. சிகிச்சையில் ஒவ்வொன்றையும் சோதனையாக மாற்றுவார்கள். "விசேஷத்துக்கு அரை மணி நேரம் போனால் ராத்திரி தாங்கவே முடியாது, பத்துக்கு ஒன்பது" என்று முதலில் எழுதணும். பிறகு போகணும். மறுநாள் காலையில் நிஜமான எண்ணை எழுதணும். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒரு எச்சரிக்கை: பெரிய ஸ்பீக்கர் பக்கம், வெடிச்சத்தம், ஆலை இயந்திரம் இவற்றிலிருந்து காதைக் காப்பது தேவையான பாதுகாப்பு. சாதாரணப் பேச்சுக்கும் தெருச்சத்தத்துக்கும் பஞ்சு வைப்பதுதான் வேலி.

நான்காவது, கவனத்தைத் திருப்பும் பயிற்சி. மாலையில் வண்டி விடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து செய்து பார்க்கலாம். ஒரு நிமிஷம் அலை. ஒரு நிமிஷம் பக்கத்தில் நடப்பவர்களின் பேச்சு. ஒரு நிமிஷம் காதின் இரைச்சல், அதோடு சண்டை போடாமல். ஒரு நிமிஷம் தரையில் பதிந்த பாதம். இரைச்சலை மறப்பது நோக்கம் இல்லை. கவனம் என்பது நம் கையில் இருக்கிற டார்ச் லைட், அதைத் திருப்ப முடியும் என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம்.

இவற்றோடு தூக்கத்துக்கான தனிப் பயிற்சியும், உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும் சேரும்.

ஆதாரம் என்ன சொல்லுது?

மருத்துவ ஆய்வுகளைச் சல்லடை போட்டுத் தொகுக்கும் கோக்ரேன் அமைப்பு 2010-இல் 8 ஆய்வுகளை, 468 பேரைப் பார்த்தது. சிபிடி-யால் சத்தத்தின் அளவு குறையவில்லை. வாழ்க்கைத்தரம் கூடியது. 2020-இல் மறுபடி 28 ஆய்வுகள், 2733 பேர். இரைச்சல் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று 25 கேள்விகளில் கேட்டு 100-க்கு மதிப்பெண் போடும் ஒரு அளவுகோல் உண்டு. அதில், எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களைவிட சிபிடி எடுத்தவர்களின் பாதிப்பு சராசரியாக 11 புள்ளி குறைவாக இருந்தது. 7 புள்ளி குறைந்தாலே நோயாளியால் உணர முடிகிற மாற்றம் என்று கொள்கிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் 492 பேரை வைத்து ரிலானா சீமா குழு செய்த ஆய்வு 2012-இல் லான்செட் இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சையைவிட சிபிடி அடிப்படையிலான சிகிச்சை பெற்றவர்கள் ஒரு வருஷம் கழித்தும் நல்ல நிலையில் இருந்தார்கள்.

எல்லையும் சொல்லணும். எல்லாருக்கும் பலிப்பதில்லை. மனச்சோர்வில் கிடைக்கும் பலன் சிறியது. சிகிச்சை முடிந்து 6 மாசம், 12 மாசம் கழித்தும் பலன் நிற்கிறதா என்பதற்கு ஆதாரம் போதாது என்று கோக்ரேன் தொகுப்பே சொல்கிறது. ஆனாலும் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி, ஆறு மாசத்துக்கு மேல் தொல்லை கொடுக்கும் இரைச்சலுக்கு சிபிடி-யைப் பரிந்துரைத்தது. அதே வழிகாட்டி கிங்கோ, துத்தநாகம் போன்ற மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. மாசாமாசம் மருந்துக்கடையில் காசு கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புதுச்சேரியில் எங்கே ஆரம்பிப்பது?

முதலில் காது. மனசு பிறகு. காதுக் குரும்பி அடைத்திருந்தால்கூட இரைச்சல் வரும், எடுத்தால் போய்விடும். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி இரைச்சலையும் கொஞ்சம் மறைக்கும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிற சத்தம், கூடவே தலைச்சுற்றல் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம், அன்றைக்கே போகணும்.

1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த கோரிமேடு ஜிப்மரில், காது மூக்கு தொண்டைப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கு. காதுப் பரிசோதனை முடிந்து "பழகிக்கோங்க" என்று எந்த மருத்துவமனையில் சொன்னாலும், அங்கேயே அடுத்த கேள்வியைக் கேளுங்க: "டாக்டர், சிபிடி தெரிந்த உளவியலாளர்கிட்ட எழுதிக் கொடுப்பீங்களா?" காது இரைச்சலுக்கென்றே தனி நிபுணர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் சிபிடி செய்யத் தெரிந்தவர் இதே கருவிகளைத்தான் பயன்படுத்துகிறார். நேரில் போக முடியாதவர்களுக்காக இணையம் வழியாக நடத்தும் முறையை ஸ்வீடனில் கெர்ஹார்ட் ஆண்டர்சன் குழு 2002-லேயே சோதித்துவிட்டது.

சிலருக்கு இரைச்சல் உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணம் வரை கொண்டுபோய்விடும். அப்படி ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்காதீங்க. டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால், "சும்மா கவனிக்காம இரு" என்று சொல்லாதீங்க. கவனிக்காமல் இருக்க முடியாததுதான் அவர்களின் நோயே. நீச்சல் தெரியாதவரைப் பார்த்து "மூழ்காம இரு" என்பது போன்றது அது. நீச்சலைக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கு என்று சொல்லுங்க, முடிஞ்சால் கூடப் போங்க. கற்றுக்கொண்டவருக்குச் சத்தம் அப்படியேதான் இருக்கும். ஒருநாள் சாயங்காலம், இன்னிக்கு அதை நினைக்கவே இல்லையே என்று தோணும். அதுதான் பழகினதற்கு அடையாளம்.