பிரஷர் மாத்திரைக்கும் சீரான இதயத்துடிப்புக்கும் என்ன தொடர்பு?

மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். நாடி சீராக அடிக்கிறதா? ரத்த அழுத்த மாத்திரைக்கும் அந்தச் சீருக்கும் நெருங்கிய உறவு உண்டு.

அழுத்தம் பல ஆண்டுகள் கூடியே இருந்தால், உடலுக்கு ரத்தம் தள்ளும் இடது கீழறையின் சுவர் தடித்து விறைக்கிறது. அதை நிரப்பும் மேலறைதான் பாவம்! சுமை தாங்கித் தாங்கி விரிந்துபோகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் அதன் தசைகளுக்கிடையே தழும்பு போன்ற நார்த்திட்டுகளையும் வளர்க்கிறது.

வயலில் தண்ணீர் பாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மண் சமமாக இருந்தால் ஒரே சீராகப் பரவும். நடுநடுவே மேடு இருந்தால்? பிரியும், சுற்றும், சுழிக்கும். நார்த்திட்டுகளுக்கு நடுவே இதயத்தின் மின்னோட்டமும் அப்படித்தான் சுழல்கிறது. மேலறை சரியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது; நாடியின் சீரும் குலைகிறது. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். பலருக்கு முன்னறிகுறியே இருக்காது. அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எல்லா மாத்திரையும் ஒன்றா? 'லைஃப்' ஆய்வில், கீழறை தடித்திருந்த 9,193 பேரில் ஒரு பாதிக்கு லோசார்டன், மறுபாதிக்கு அட்டெனலால். இரண்டும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. ஆனாலும் லோசார்டன் குழுவில் புதிதாக மேலறை நடுக்கம் வந்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று 2005-இல் தெரியவந்தது. லோசார்டன், ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும் மருந்து.

நடுக்கம் ஏற்கெனவே வந்தவர்களுக்கு? 2009-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், அதே வகை மருந்தான வல்சார்டனால் அது திரும்ப வருவதைத் தடுக்க முடியவில்லை.