விலையைச் செவி அறியாது

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் ஓய்வதில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே லட்சக்கணக்கில் செலவிட்டு ஒலிபெருக்கி வாங்க விரும்புவோருக்கு நான் கூறுவது இதுதான்.

ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்குங்கள். சற்று உரக்க ஒலிப்பதையே தரமானதெனச் செவி நம்பிவிடும். பெயரையும் விலையையும் மறைத்துவிட்டுக் கேளுங்கள். 1994-இல் டூல், ஆலிவ் எனும் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், பெட்டியைப் பார்த்துக் கேட்டபோதும் பாராமல் கேட்டபோதும் அதே செவிகள் வேறுவேறு மதிப்பெண் வழங்கின.

கானாவின் தாளமா, வீணையின் நாதமா என்பது அவரவர் ரசனை. ஆனால், உயர்விலைக் கருவி கூடுதலாகத் தரும் மெல்லிய நுட்பங்களையே தெருவிரைச்சல் முதலில் விழுங்குகிறது. குடியிருப்புப் பகுதிகளில் பகல்நேர ஒலி 55 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. அது நடைமுறைக்கு வந்தால் எளிய ஒலிபெருக்கியும் இனிக்கும். அதுவரை, ஜன்னலை இறுக அடைப்பதே நம் முதல் செலவாகட்டும்.