இஸ்திரிப் பெட்டியின் கரி எங்கே போயிற்று?

பெருநாள் நெருங்கினால் நம் இல்லங்களில் இஸ்திரிப் பெட்டிக்கு ஓய்வே இராது. முன்பெல்லாம் அதன் வயிற்றில் மரக்கரி கனன்றது. பக்கத் துளைகள் காற்றை உள்ளே விட, கனத்த அடித்தகடு துணியின் சுருக்கத்தை நீக்கியது. ஆனால், சூட்டை அளவாக வைக்க வழியில்லை. ஒரு பொறி தெறித்தாலும் வெள்ளை ஜிப்பா பாழாகும். புகையோ நெஞ்சில் இறங்கும்.

1882-இல் அமெரிக்காவின் ஹென்றி சீலி, மின்சார இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அதனுள் ஒரு நுட்பமும் சேர்ந்தது. இரு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு பட்டை, சூடு மிகுந்தால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்; ஆறினால் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். இவ்வாறு பொறியும் புகையும் வீட்டைவிட்டு அகன்றன.

ஆயினும் அவை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வடசென்னையில், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம் வட்டாரத்தினர் இதனை நன்கறிவர். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அருகிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் இன்றும் நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் கழிமுகத்தில் கலந்து மீன்வளத்தைக் கெடுக்கிறது என்பது மீனவர்களின் நெடுநாள் முறையீடு.

இதற்கொரு மாற்றுவழி காட்டியவர், அப்போது திருவண்ணாமலைப் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கர். அவர் வடிவமைத்த இஸ்திரி வண்டியின் கூரையில் சூரிய ஒளித் தகடுகள் உள்ளன. ஐந்து மணி நேர வெயிலில் மின்கலம் நிரம்பினால், ஆறு மணி நேரம் இஸ்திரி போடலாம். 2020-இல் சுவீடன் நாட்டின் சிறார் பருவநிலைப் பரிசு இதற்குக் கிடைத்தது.

இல்லத்தரசிகளும் தம் பங்கைச் செய்யலாம். நாள்தோறும் ஓர் உடைக்காகப் பெட்டியைச் சூடாக்காமல், வாரத் துணிகளை ஒரே தடவையில் இஸ்திரி போட்டால், எங்கோ எரியும் கரி சிறிதேனும் மிஞ்சும்.