தலைமையிடங்களின் கதை – 9
கலெக்டர் வந்தார், பட்டா வரவில்லை

நெரிசலில் திணறிய லாகோஸை விட்டு நைஜீரியா வெளியேறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1976 பிப்ரவரியில் ஆணை பிறந்தது. 1991 டிசம்பர் 12 அன்று அரசு முறைப்படி அபுஜாவுக்குக் குடிபோனது. நாட்டின் நடுப்பகுதி, பெரிய இனம் எதுவும் உரிமை கொண்டாட முடியாத இடம், விரிந்த நிலம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. ஆனால், அந்த நிலத்தில் பாகி மக்கள் தலைமுறைகளாக உழுது வாழ்ந்திருந்தார்கள். நகரம் எழ எழ அவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

இந்த வாரம் நம் ஊர்க் கதை.

1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம், அப்போது 7,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த மாவட்டமாக இருந்தது. அபுஜாவின் தலைநகர்ப் பகுதியும் ஏறக்குறைய அதே அளவுதான். கிழக்கே மரக்காணத்தில் கடல், மேற்கே கல்வராயன்மலை. அந்த மலைமேலுள்ள வெள்ளிமலையிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டுமென்றால், மலையிறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து விழுப்புரம் போக வேண்டியிருந்தது. அன்றைய கூலி போச்சு. அதிகாரி இல்லையென்றால் மறுபடியும் அதே அலைச்சல்.

தனி மாவட்டம் கேட்டு மக்கள் நெடுங்காலம் குரல் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். நவம்பர் 26 அன்று தமிழகத்தின் 34ஆவது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி உதயமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமானது. மலையின் சேலம் பக்கம் மட்டும் சேலத்தோடேயே நின்றுவிட்டது.

மாவட்டம் வந்தால் கலெக்டர் ஆபீஸ் கட்ட இடம் வேண்டுமே! வீரசோழபுரம் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலத்தை அரசு தேர்ந்தெடுத்தது. கோயில் சொத்தை அரசு எப்படி எடுக்கலாம் என்று விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அபுஜாவோ வீரசோழபுரமோ, வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் நிலத்துக்கும் உரியவர் இருக்கிறார்.

மலைமேலும் நிலம்தான் பிரச்சினை. கல்வராயன்மலையை மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டார்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அந்த ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தன. அபுஜாவுக்கு ஆணை பிறந்த அதே ஆண்டு! சாமையும் மரவள்ளியும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினர் பலருக்கு, உழும் நிலத்துக்குப் பட்டா இல்லை. காடா, பட்டா நிலமா என்ற இழுபறி ஓயவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கலெக்டர் அலுவலகமும் எஸ்.பி. அலுவலகமும் இருந்த ஊரிலேயே இந்தக் கொடுமை. அதன்பின் உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை, மருத்துவம், பள்ளி பற்றியெல்லாம் அரசைக் கேள்வி கேட்டது.

பிரித்தது சரியான முடிவு, அதில் சந்தேகமில்லை. ஆனால், பயணதூரம் குறைந்தது முதல் படி மட்டுமே. வன உரிமைச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. அதன்படி மலையில் உழுபவர் கையில் உரிமைப் பத்திரத்தைக் கொடுப்பதுதான் புதிய மாவட்டம் செய்ய வேண்டிய அடுத்த வேலை.

(தொடரும்)