அரை அங்குலத்தின் நூறு ஆண்டு

கொழும்பிலிருந்து புத்தளம் போகிறவர்களுக்குப் பாலாவிச் சந்தி தெரியாமல் இருக்காது. இடப்பக்கம் பிரியும் வீதியில் போனால் நுரைச்சோலை, பள்ளிவாசல்துறை, கடைசியில் கற்பிட்டி. பாலாவியில் இன்று விமானப்படை முகாம் இருக்கும் இடம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம். 1943இலிருந்து போர் முடியும்வரை அதன் பெயர் எச்.எம்.எஸ். ராஜாலியா. தரையில் கிடந்தாலும் கடற்படைக் கணக்கில் அதுவும் ஒரு கப்பல்தான். ராஜாலியா என்றால் சிங்களத்தில் கழுகு.

அந்தத் தளத்தில் யானை கட்டி விமானம் இழுத்த கதை பலருக்குத் தெரியும். பழைய படங்களைப் பார்த்தால் கண் யானையிலேயே நின்றுவிடும். இறக்கையைப் பார்க்கவேண்டும். இங்கு வந்து போன கோர்செயர் விமானத்தின் ஒவ்வோர் இறக்கைக்குள்ளும் மூன்று துப்பாக்கிகள். ஆறும் பிரவுனிங் வகை, ஆறும் அரை அங்குல வாய். பிற்காலத்தில் உள்நாட்டுப் போரின்போது வடக்கு, கிழக்குக் கரைகளில் சின்னப் பிள்ளைகூட ‘பிப்டி கலிபர்’ என்று சொன்னது இதே சாமானைத்தான்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ‘கலிபர்’ என்பது குழல்வாயின் விட்டம். 0.50 அங்குலம் என்பதில் புள்ளி உதிர்ந்து வெறும் ஐம்பது ஆகிவிட்டது. மெற்றிக் கணக்கில் 12.7 மில்லிமீற்றர். ரவை முழுதாகக் கையில் எடுத்தால் ஒரு சூடை மீன் நீளம், 138 மில்லிமீற்றர். எடை ஏறக்குறைய 115 கிராம். அதில் பறந்து போவது முனையில் இருக்கும் சன்னம் மட்டும், 45 கிராம் அளவு. மிச்சம் பித்தளைக் கோதும் அதற்குள் மருந்தும். நூறு ரவை கோத்த பட்டி ஒரு தகரப் பெட்டிக்குள் வரும். தூக்கினால் 16 கிலோ. துப்பாக்கி மட்டும் 38 கிலோ, முக்காலியோடு 58. ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற சாமான் இல்லை. ஆகவே வாகனத்திலோ படகிலோ விமானத்திலோ ஏறித்தான் இது உலகம் சுற்றியது.

சாதாரண துப்பாக்கிச் சன்னத்தைவிட எடை நாலு மடங்கு என்றால் அடியும் நாலு மடங்கு என்று நினைக்கலாம். அப்படி இல்லை. பிரித்தானியரின் பழைய .303 சன்னம் 11 கிராம் சொச்சம், செக்கனுக்கு 740 மீற்றர் வேகம். பிப்டியின் சன்னம் எடையிலும் கூட, வேகத்திலும் கூட: செக்கனுக்கு 890 மீற்றர். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். அந்தக் கணக்கைப் போட்டால் .303க்கு 3,000 ஜூல் அளவு, பிப்டிக்கு 17,000க்கு மேல். ஐந்து மடங்கு தாண்டுகிறது.

இவ்வளவு பெரிய ரவை யாருக்குத் தேவைப்பட்டது? மனிதனைச் சுட அல்ல. அதற்கு .303 போதும் என்பதை முதலாம் உலகப் போர் லட்சக்கணக்கில் காட்டிவிட்டது. 1884இல் ஹைரம் மாக்சிம் லண்டனில் செய்த துப்பாக்கி, சுடும்போது வரும் பின்னுதைப்பையே பிடித்து அடுத்த ரவையை ஏற்றியது. அதற்குமுன் கைப்பிடியைச் சுற்றவேண்டும். அதற்குப் பின் விசையை அழுத்தினால் போதும். ஆனால் 1917 வாக்கில் போர்க்களத்தில் தகடு போர்த்திய டாங்கி வந்துவிட்டது, விமானமும் தடித்துக்கொண்டிருந்தது. சாதாரண ரவை அவற்றில் பட்டுத் தெறித்தது. பிரான்ஸில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெர்ஷிங் குறைந்தது அரை அங்குலம் வேண்டும் என்று கேட்டார். ஜோன் பிரவுனிங் தன் பழைய துப்பாக்கியையே பெருப்பித்தார். ரவையை வின்செஸ்ரர் கம்பனி வடிவமைத்தது. டாங்கியைத் துளைக்க ஜெர்மனியர் செய்திருந்த 13.2 மில்லிமீற்றர் ரவையும் பிடிபட்டுப் பாடமாக வந்து சேர்ந்தது. 1918 ஒக்டோபரில் முதல் வெடி. நவம்பரில் போரே முடிந்துவிட்டது!

பிரவுனிங் 1926இல் இறந்தார். இன்று உலகம் அறியும் ‘எம் 2’ வடிவம் 1933இல்தான் வந்தது. அதற்குள் டாங்கித் தகடு தடித்து, எந்த வேலைக்குப் பிறந்ததோ அந்த வேலைக்கு அது உதவாமல் போனது. ஆனால் விமானம் மிச்சம் இருந்தது.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. எதிர்த்து ஏறிய ஹரிக்கேன், புல்மார் விமானங்களில் இருந்தவை .303. எண்ணிக்கை கூட, அடி மெல்லிசு. வந்த சீரோ விமானங்களில் இரண்டு 20 மில்லிமீற்றர் பீரங்கிகளும் இரண்டு 7.7 துப்பாக்கிகளும் இருந்தன. இதில் ஒரு வேடிக்கை: அந்த 7.7 பிரித்தானிய விக்கர்ஸ் துப்பாக்கியின் வழிவந்தது, அதன் ரவையும் .303இன் அளவேதான். கொழும்பு வானில் ஒரே அளவு ரவை இரண்டு பக்கமும் பறந்தது.

அடுத்து பாலாவிக்கு வந்த கோர்செயரில் .303 இல்லை. விமானத்துக்கென்று செய்த பிப்டி இலேசானது. நிமிடத்துக்கு 800 அளவில் சுடும். ஆறும் சேர்ந்தால் ஒரு செக்கனுக்கு 80 ரவை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இருந்தது 400க்கு மேற்படாது. விசையை விடாமல் அழுத்தினால் அரை நிமிடத்தில் எல்லாம் காலி. ஆகவே விமானி இரண்டு, மூன்று செக்கன்தான் அழுத்துவான்.

போருக்குப் பின் ஜெட் விமானத்துக்கும் பிப்டி போதாமல் போனது. 20 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் வந்தன. ஏறக்குறைய அங்கேதான் ‘துப்பாக்கி’ முடிந்து ‘பீரங்கி’ தொடங்குகிறது. சன்னத்துக்குள் வெடிமருந்து வைக்க இடம் கிடைக்கும் அளவு அது. டாங்கிக்கும் ஆகாமல் விமானத்துக்கும் ஆகாமல் போன அரை அங்குலம் அதோடு அருங்காட்சியகம் போயிருக்கவேண்டும். போகவில்லை. தகடு இல்லாத பொருள்கள் உலகில் நிறைய: லொறி, மதில், மண்மூட்டை, படகு.

உள்நாட்டுப் போரில் நம் கடலில் நடந்ததும் இதுதான். பைபர் படகின் உடல் சில மில்லிமீற்றர். 12.7 தகடுதுளைக்கும் ரவை கிட்டத்தில் 2 சென்ரிமீற்றர் அளவு உருக்கையே துளைக்கும். கடற்படையும் கடற்புலிகளும் இந்த அளவோடு நிற்கவும் இல்லை. சோவியத் வழிவந்த 14.5 மில்லிமீற்றர் ரவை 1941இல் டாங்கியைச் சுடவென்று செய்யப்பட்டது. ஆற்றலில் பிப்டிக்கு ஏறக்குறைய இரு மடங்கு. அதற்கு மேல் 20, 23, கடற்படையின் டோறா வேகப் படகில் 25, 30 என்று வாய் பெருத்துக்கொண்டே போனது. ஆனால் ஆடுகிற படகில் பெரிய வாய் மட்டும் போதாது. குழல் ஒரே ஒரு பாகை பிசகினால் 1,000 மீற்றரில் சன்னம் 17 மீற்றர் தள்ளி விழும். டோறாவில் அலையாட்டத்தைத் தானே ஈடுகட்டும் பீடங்கள் பூட்டப்பட்டது அதனால்தான்.

சுடுகிறவனுக்கும் இது சாந்தமான கருவி அல்ல. நிமிடத்துக்கு 450 முதல் 600 என்று ஏட்டில் இருந்தாலும், தொடர்ந்து சுடவேண்டுமென்றால் 40 ரவையோடு நிறுத்தச் சொல்கிறது விதி. இல்லாவிட்டால் குழல் சூடேறிக் கெட்டுப்போகும். பழைய எம் 2இல் குழல் மாற்றினால், ரவையின் பின்புறம் உட்காரும் இடைவெளியை ஓர் அளவுத் தகடு விட்டுப் பார்த்துச் சரிசெய்யவேண்டும். இடைவெளி கூடிப்போனால் கோது உள்ளேயே கிழிந்து, பக்கத்தில் இருப்பவன் முகத்தில் தெறிக்கும். இந்தத் தொல்லையை ஒழித்த எம் 2 ஏ 1 வடிவம் வர 2010 ஆனது. 1933 எங்கே, 2010 எங்கே!

‘பிப்டியால் மனிதரைச் சுடுவதைச் சர்வதேசச் சட்டம் தடுக்கிறது’ என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒரு தடை இல்லை. 1868 சென் பீற்றர்ஸ்பேர்க் பிரகடனம் 400 கிராமுக்குக் குறைந்த வெடிக்கும் சன்னங்களைத்தான் விலக்கியது. வாயின் அளவைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது.

பள்ளிவாசல்துறைக் கரையில் கால் நனைய நின்றுகொண்டு கடலைப் பார்க்கிறவருக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீற்றர்கூட இருக்காது. அதற்கு அப்பால் நிற்கிற பைபர் படகு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிப்டி சன்னம் குறி தவறி மேலே போனால் 6.7 கிலோமீற்றர் வரை போய் விழும். கற்பிட்டிக் குடாநாட்டில் விமானப்படைக்கு ஒரு சுடுபயிற்சித் திடல் இருக்கிறது.